இரண்டு விளக்கும் பச்சை

தூத்துக்குடியில் கடலை ஒட்டி ஒரு சரக்குப் பெட்டக நிலையம் இருந்தது. கப்பலில் வரும் பெட்டகங்களை இறக்கி, அடுக்கி, லாரிகளில் ஏற்றி அனுப்பும் இடம். எந்தப் பெட்டகம் எங்கே இருக்கிறது, எதை எங்கே வைக்க வேண்டும் என்பதெல்லாம் கிரேன் ஓட்டுகிறவருக்குக் கணினித் திரையில்தான் தெரியும். அந்தத் திரைகளுக்குப் பின்னால் ஓடும் கேபிள்களுக்கெல்லாம் பொறுப்பு மெஹருன்னிசா.

அவரிடம் இரண்டு பேர் வேலை கற்றார்கள். ஒருவன் கஸ்பார், இன்னொருவன் இசக்கித்துரை. இருவருமே அவரைவிட வயதில் மூத்தவர்கள். வீடுகளுக்கு வயரிங் செய்துகொண்டிருந்து இந்தப் பக்கம் வந்தவர்கள். மெஹருன்னிசா கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. கேள்வி கேட்டால் அவரிடமிருந்து உடனே பதிலும் வராது.

அலுவலகத்திலிருந்து, கப்பல் வந்து நிற்கும் தளத்து அறைக்கு இரண்டு கேபிள்கள் போயின. ஒன்று கிழக்குச் சுவரோரமாக. மற்றது மேற்கே கிடங்குக் கூரைகளின் மேலாக. ஒன்று அறுந்தால் மற்றது இருக்கட்டும் என்று போட்டது. கிழக்குக் கேபிளைப் பார்த்துக்கொள்வது இசக்கி. மேற்குக் கேபிள் கஸ்பாருடையது. அதை இழுத்ததே அவன்தான். சித்திரை வெயிலில், தகரக் கூரையில் மண்டியிட்டு இழுத்தான். முழங்கால் தோல் வெந்து உரிந்தது.

தளத்து அறையில், கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியில், இரண்டு கேபிள்களும் பக்கத்துப் பக்கத்துத் துளைகளில் செருகியிருந்தன. இசக்கியின் கேபிளுக்கு மேலே விளக்கு பச்சையாக மினுங்கிக்கொண்டே இருக்கும். கஸ்பாரின் கேபிளுக்கு மேலே மஞ்சள். அது மினுங்காது. சும்மா எரியும்.

ஆண்டு விழாவன்று குடும்பத்தினரை உள்ளே விட்டார்கள். கஸ்பார் மகளைக் கூட்டிவந்து அந்தப் பெட்டியைக் காட்டினான்.

"இதுல உங்களது எதுப்பா?"

"இந்த மஞ்சள் லைட்டு."

மகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்களது தூங்குதா?"

அன்று மாலை மேலாளர் கனகசபாபதி மேடையில் இசக்கியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு வருடமாக ஒருமுறைகூட நிற்காத லைன் என்று சொல்லி ஒரு கேடயம் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். கஸ்பாரின் மகளும் தட்டினாள்.

மறுநாள் இசக்கி மக்ரூன் இனிப்பு வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தான். கஸ்பாருக்கு இரண்டாக எடுத்து நீட்டினான். கஸ்பார் வாங்கிக்கொண்டான். இசக்கி அந்தப் பக்கம் போனதும் இரண்டையும் குப்பைக் கூடையில் போட்டான். பிறகு மெஹருன்னிசாவின் மேசை முன்னால் போய் நின்றான்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"அவன் லைன் ஓடுது. என் லைன் சும்மா கெடக்கு. ரெண்டும் நல்ல கேபிள்தான். ரெண்டையும் ஓட விட்டா என்ன?"

மெஹருன்னிசா எழுந்தார். வெளியே வராந்தாவில் இசக்கி நின்றிருந்தான். கேட் அலுவலகத்துப் பத்மினி ஏதோ கேட்க வந்திருந்தாள். மூன்று பேரையும் வட்டமாக நிற்கச் சொன்னார்.

"ஒரு பக்கத்துக் காதுல என்ன விழுதோ, அதை அடுத்த பக்கத்து ஆள்கிட்டச் சொல்லுங்க. யோசிக்காதீங்க. ஏற்கெனவே சொன்னதாச்சேன்னு நிறுத்தாதீங்க. கேட்டா சொல்லணும். அவ்வளவுதான்."

கஸ்பாரின் காதில், "ஏழாம் நம்பர் லாரி எங்கே?" என்றார்.

கஸ்பார் இசக்கியிடம் கேட்டான். இசக்கி பத்மினியிடம். பத்மினி கஸ்பாரிடம். மறுபடி இசக்கி. மெஹருன்னிசா இன்னொரு கேள்வியைப் பத்மினியின் காதில் போட்டார். பிறகு இசக்கியின் காதில் ஒன்று. கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். பத்மினிக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. உள்ளே தொலைபேசி அடித்தது. யாருக்கும் கேட்கவில்லை.

மெஹருன்னிசா கஸ்பாரின் தோளைத் தொட்டார்.

"நீங்க மட்டும் காதுல வாங்குங்க. சொல்லாதீங்க. அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பேச்சு அறுந்துபோச்சுன்னா, அப்ப நீங்க சொல்லுங்க."

கஸ்பார் வாயை மூடினான். கத்தல் அப்படியே அடங்கியது. தொலைபேசி அடிப்பது கேட்டது. பத்மினி ஓடினாள். இசக்கி சிரித்துக்கொண்டே தன் வேலைக்குப் போனான்.

கஸ்பார் போகவில்லை.

"சரி மேடம். ஒருத்தர் வாயை மூடத்தான் வேணும். அது ஏன் நான்?"

"நீங்கதான் எனக்குப் பக்கத்துல நின்னீங்க."

"ஸ்விட்ச்சுல?"

"அதுவும் அப்படித்தான். ஒரே எடத்துக்கு ரெண்டு வழியும் தொறந்திருந்தா இப்படித்தான் சுத்திச் சுத்திக் கத்தும். அதனால அது ஒண்ணை அடைச்சு வைக்கும். தொறந்த வழி செத்தா அடைச்சதைத் தொறக்கும். எதை அடைக்கறதுன்னு பாக்கறப்ப, சின்ன நம்பர் துளைக்கு வழி விடும். இசக்கி கேபிள் ஒண்ணுல இருக்கு. உங்களது ரெண்டுல இருக்கு."

"வேற காரணம் இல்லையா?"

"இல்லை."

இசக்கியின் வேலை தன் வேலையைவிடச் சுத்தம் என்று சொல்லியிருந்தால் கஸ்பார் தாங்கியிருப்பான். காரணமே இல்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"அப்ப மாத்திச் செருகலாமே?"

"செருகலாம். நாளைக்கு இசக்கி வந்து இதே கேள்வியைக் கேட்டா?"

"கேப்பானா?"

"தெரியல. நீங்க என்ன நெனைக்கறீங்க?"

இசக்கி கேட்கமாட்டான் என்று கஸ்பாருக்குத் தெரியும். அதுவும் சேர்ந்து எரிந்தது.

பிறகு அவன் எதைப் பார்த்தாலும் அதில் இசக்கி இருந்தான். மெஹருன்னிசா இசக்கியின் பேச்சுக்குச் சிரித்தால், தன் பேச்சுக்கு அப்படிச் சிரித்ததுண்டா என்று யோசித்தான். கனகசபாபதி வணக்கம் சொன்னால், இசக்கிக்குச் சொன்னது இதைவிடப் பெரிதாக இருந்ததோ என்று தோன்றியது. கிழக்குக் கேபிளை எலி கடிக்கக் கூடாதா என்று ஒருநாள் ஜெபத்துக்கு நடுவிலேயே நினைத்தான். நினைத்ததும் சிலுவை போட்டுக்கொண்டான். நினைப்பு அதற்குப் போகவில்லை.

ஒரு கப்பல் வந்து சரக்கு இறங்கிக்கொண்டிருந்த நாள். மதியச் சாப்பாட்டு நேரம். கஸ்பார் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு தளத்து அறைக்குப் போனான். யாரும் இல்லை.

ஸ்விட்ச்சுக்குள் இருந்து ஒரு வழியை அடைத்துவைக்கும் காவலை ஒரு துளைக்கு மட்டும் நிறுத்திவைக்க ஒரு கட்டளை உண்டு. மெஹருன்னிசாவே சொல்லிக்கொடுத்தது. எங்கே போடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்திருந்தார். கஸ்பார் ஒன்றையும் மறந்துவிடவில்லை. வராந்தாவில் கத்தியது ஞாபகம் இருந்தது. ஒரு நிமிஷம்தானே, பச்சையாக எரிவதை ஒருதடவை பார்த்துவிட்டு எடுத்துவிடலாம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான்.

கட்டளையைத் தட்டினான்.

மஞ்சள் அணைந்தது. பச்சை வந்தது. அவனுடைய கேபிளுக்கு மேலே பச்சை, இசக்கியின் கேபிளுக்கு மேலே பச்சை. இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. கஸ்பார் சிரித்தான். மகளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது.

மூச்சு விடுவதற்குள் பெட்டியில் இருந்த எல்லா விளக்குகளும் ஒன்றாகத் துடிக்க ஆரம்பித்தன. இடைவெளியே இல்லாமல் துடித்தன. போட்ட கட்டளையை எடுக்கப் போனான். மடிக்கணினி அசையவில்லை. அவன் தட்டியது எதுவும் பெட்டிக்குள் போகவில்லை.

கேபிளைப் பிடுங்கினால் போதும். கை நீட்டினால் எட்டும் தூரம். கஸ்பார் கையை நீட்டினான். மேலே பச்சை எரிந்தது. நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

வெளியே யாரோ அலறினார்கள். அவன் அறையை விட்டு ஓடினான்.

திரைகள் எல்லாம் உறைந்துபோயிருந்தன. கேட் திறக்கவில்லை. லாரிகள் மெயின் ரோடு வரைக்கும் நின்றன. கிரேனில் பெட்டகம் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கே வைப்பது என்று திரையில் இல்லாததால் ஓட்டுநர் கீழே நின்றவர்களின் கைச்சைகையைப் பார்த்து இறக்கியிருக்கிறார். அங்கே பெட்டக வரிசைக்குள், எண்களைச் சரிபார்க்கும் செக்கர் மாடசாமி நின்றது யாருக்கும் தெரியவில்லை. பெட்டகம் தலைக்கு மேல் வந்த பிறகுதான் அவர் பார்த்திருக்கிறார். பாய்ந்து தப்பித்தார். சிமென்ட் தரையில் விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கத்தவில்லை. சுற்றி நின்றவர்கள்தான் கத்தினார்கள்.

கஸ்பாரைத் தாண்டி இசக்கி தளத்து அறைக்குள் ஓடினான். சற்று நேரத்தில் திரைகள் உயிர்பெற்றன. கேட் திறந்தது.

சாயங்காலம் கனகசபாபதி மெஹருன்னிசா, கஸ்பார், இசக்கி மூன்று பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"யாரு சரி பண்ணினது?"

"நான்தான் சார்" என்றான் இசக்கி. "என் கேபிளைப் பிடுங்கினேன். நின்னுட்டு."

"உங்க கேபிளைப் பிடுங்கினதும் சரியாயிட்டுன்னா, கோளாறு உங்க கேபிள்லதானே?"

"நான் போறப்ப ரெண்டு விளக்கும் பச்சையா இருந்துது சார்."

கனகசபாபதிக்கு அது புரியவில்லை. "பச்சைன்னா நல்லதுதானே! எனக்குக் கலர் கதை வேண்டாம். இப்ப எல்லாம் யாரு லைன்ல ஓடுது?"

"கஸ்பாரோடதுல சார்."

"அது இல்லேன்னா இன்னைக்கு என்ன ஆயிருக்கும்? ஒரு ஆளு செத்திருப்பான்." கஸ்பாரின் பக்கம் திரும்பி, "நல்ல வேளை, உங்க லைன் இருந்தது" என்றார்.

இத்தனை நாள் அவன் கேட்க ஏங்கிய வார்த்தை. மேலாளர் வாயாலேயே வந்துவிட்டது. கஸ்பார் தரையைப் பார்த்தான்.

மெஹருன்னிசா அவனைப் பார்த்தார். இரண்டு விளக்கும் பச்சையாக இருந்தது என்றால் என்ன அர்த்தம் என்று அந்த அறையில் மூன்று பேருக்குத் தெரியும்.

"கஸ்பார், ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல மேடம்."

கனகசபாபதி இசக்கியை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். விசாரணை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். மெஹருன்னிசா குறுக்கிட்டார்.

"சார், எனக்கு நாளைக்குக் காலை வரைக்கும் டைம் குடுங்க. அதுக்கப்புறம் முடிவு பண்ணுங்க."

"காலையில என்ன மாறப்போகுது?"

"தெரியல சார்."

கஸ்பார் நேரே தளத்து அறைக்குப் போனான். பெட்டியின் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். அவனுடைய விளக்கு மட்டும் பச்சை. ஒழுங்காக மினுங்கியது. கப்பலின் சரக்கு முழுவதும், கேட், கிரேன், எல்லாம் அவன் இழுத்த கேபிள் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. போனில் அதைப் படம் எடுத்தான். மகளுக்கு அனுப்பினான். "சூப்பர் அப்பா" என்று பதில் வந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். சந்தோஷம் வரட்டும் என்று காத்திருந்தான்.

கதவு திறந்தது. இசக்கி உள்ளே வந்தான். சுவரோரம் தொங்கிக்கொண்டிருந்த தன் கேபிளை எடுத்து, முனையைச் சட்டையில் துடைத்து, துளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான்.

"நீ எடுத்ததைத் திருப்பிப் போடு. இல்லேன்னா நான் இதைக் குத்த முடியாது."

கஸ்பார் எழுந்துவிட்டான். "நான் என்னத்தை எடுத்தேன்?"

"போடு."

"ஏல, உன்னையத்தான் வர வேண்டாம்னுட்டாரே. இப்ப இதைச் செருகி என்ன ஆகப்போகுது?"

"உன் லைன் அறுந்தா? கப்பல் நாளை வரைக்கும் நிக்குது. மாத்துக்கு ஒண்ணு வேணுமா வேண்டாமா?"

இசக்கியின் கை கேபிளைப் பிடித்தபடியே நின்றது. கஸ்பார் மடிக்கணினியைத் திறந்தான். மதியம் நிறுத்திய காவலைத் திரும்பப் போட்டான். இசக்கி கேபிளைக் குத்தினான்.

இரண்டு விளக்கும் கொஞ்ச நேரம் மஞ்சளாக நின்றன. பெட்டி யோசித்தது. பிறகு ஒன்றாம் துளையில் பச்சை வந்தது. கஸ்பாரின் விளக்கு மஞ்சளாகவே நின்றுவிட்டது. மேலாளர் சொன்னது எதுவும் அதற்குத் தெரியாது.

இசக்கி ஸ்க்ரூடிரைவரையும் டெஸ்டரையும் பையில் போட்டுக்கொண்டான்.

"தெரிஞ்சும் ஏன் நீ சொல்லல?" என்றான் கஸ்பார்.

"அவரு கேட்டதுக்குப் பதில் சொன்னேன். மேடத்துக்குப் புரிஞ்சிட்டு. மத்தது உன் பாடு."

"உள்ள வந்ததும் ரெண்டும் பச்சையா இருந்ததைப் பாத்துட்ட. கோளாறு என்னோடதுலதான்னு தெரிஞ்சிட்டு. பெறகு ஏன் உன்னோடதைப் பிடுங்கினே?"

இசக்கி திரும்பிப் பார்த்தான். கேள்வியே அவனுக்கு விளங்காததுபோல இருந்தது.

"எது கைக்கு வந்துச்சோ அதைப் பிடுங்கினேன். அந்த நேரத்துல எதைப் பிடுங்கினா என்ன? நின்னா சரி."

"அது உன் கேபிளாச்சே?"

"கேபிள்தானே." அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "என்கிட்ட பேசாத கஸ்பார். இன்னும் ரெண்டு வார்த்தை பேசினா அடிச்சிருவேன். போய் மாடசாமி அண்ணனைப் பாரு."

கஸ்பார் ஆஸ்பத்திரிக்குப் போனான். மாடசாமியின் கையில் கட்டுப் போட்டுத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"உங்க லைன்தான் என்னையக் காப்பாத்துச்சாமே தம்பி. ஆபீஸ்ல இருந்து வந்தவுக சொன்னாக." பக்கத்தில் இருந்த மனைவியிடம், "இவுகதான்" என்றார். அந்த அம்மாள் கைகூப்பினாள்.

கஸ்பார் வாங்கிப்போயிருந்த பழப் பையைக் கட்டில்மேல் வைத்தான். வாயைத் திறந்தான். "உடம்பைப் பாத்துக்கோங்க அண்ணே" என்றுதான் வந்தது. வெளியே வந்து, பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி, வீடு வரை நடந்தே போனான்.

காலையில் கனகசபாபதி வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றான். அவர் நாற்காலியில் உட்காரும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"இசக்கி மேல தப்பு இல்ல சார். நான்தான் செஞ்சேன்."

"என்ன செஞ்சீங்க?"

சொன்னான். காவலை எடுத்தது, பச்சையைப் பார்த்தது, கை எட்டியும் பிடுங்காமல் நின்றது, எல்லாவற்றையும் சொன்னான்.

"எதுக்காக?"

"அவன் லைட்டு பச்சை. என்னோடது மஞ்சள். அதுக்காக."

கனகசபாபதி அவனை வெகுநேரம் பார்த்தார். இதற்குப் போயா ஒரு மனுஷன் இப்படிச் செய்வான் என்பதுபோலப் பார்த்தார். பிறகு மெஹருன்னிசாவைக் கூப்பிட்டார். மூன்று மாதம் சஸ்பெண்ட். அதற்குப் பிறகு சாத்தூர்க் கிடங்கில் வயரிங் வேலை. இசக்கியை உடனே வரச் சொல்லிப் போன் போயிற்று.

கஸ்பார் ஆஸ்பத்திரிக்கு மறுபடி போய்விட்டு மதியத்துக்கு மேல் திரும்பிவந்தான். மாடசாமி அவன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மனைவி பழப் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்தப் பை கையில் இருந்தபடியே, அடையாள அட்டையைக் கழற்றி மெஹருன்னிசாவின் மேசையில் வைத்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசக்கி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். கஸ்பார் வந்ததைப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பேச்சைத் தொடர்ந்தான்.

"போயிட்டு வாரேன் மேடம்."

"வாங்க."

கஸ்பார் நின்றான்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். சொன்னா போயிரும்னு நெனைச்சேன். போகல."

"எது?"

"அவன் மேல இருக்கறது." கண்ணாடிப் பக்கம் திரும்பாமலே சொன்னான். "முன்னால விளக்குக்காக எரிஞ்சுது. இப்ப விளக்கு என்ன கலரா இருந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. எது கைக்கு வந்துச்சோ அதைப் பிடுங்கினேன்னு சொன்னான் மேடம். சும்மா சொல்லல, நெசமாவே அப்படித்தான் செஞ்சிருக்கான். அந்த எடத்துல நான் இருந்தா அவன் கேபிள் எதுன்னு தேடிப் பிடுங்கியிருப்பேன். ராத்திரி பூரா அதையே நெனைச்சுக்கிட்டுக் கெடந்தேன். முன்னைக்கு இப்ப இன்னும் பொறாமையா இருக்கு."

மெஹருன்னிசா அட்டையை எடுத்து மேசை அறைக்குள் வைத்தார்.

"இப்பத்தான் கஸ்பார், பொறாமைப்படற மாதிரி ஒண்ணைப் பாத்திருக்கீங்க" என்றார்.